புளி போட்டுத் துலக்கிய சிலை

முதுகில் படிந்திருந்த பச்சைக் களிம்பு மட்டும் போகவே மாட்டேன் என்றது. சாகிரா இன்னொரு பிடி புளியை எடுத்து அடுப்புச் சாம்பலில் புரட்டி, தேங்காய் நாரில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையைப் போல, கிணற்றடிக் கல்லில் சிலை குப்புறக் கிடந்தது. பச்சைத் தண்ணீர் கல்லிலிருந்து வழிந்து வாழைக்கு ஓடியது.

ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் உதடு, "அஸ்தஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புக் கேட்டு முணுமுணுத்தது. கை நிற்கவில்லை.

கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த மருமகள் மர்ஜியா சமையல்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாமி! நீங்களா? அந்த ரூம் காத்துகூட மேல படக்கூடாதும்பீங்க. இப்ப மடியில போட்டுக் குளிப்பாட்டாத குறைதான்."

"வாய மூடு. பாத்திரம்னு நெனச்சுத்தான் தேய்க்கிறேன்."

"பாத்திரத்துக்கு மூக்கு இருக்குமா மாமி?"

"எச்சி துப்புற படிக்கத்துக்கு இடுப்பு இருக்குல்ல, அது மாதிரிதான். மாமா கஞ்சி குடிச்சாங்களா?"

"ரெண்டு கரண்டி எறங்குச்சு. சார் வந்துட்டாரா, சார் வந்துட்டாரான்னு அதே பேச்சுதான்."

சாகிரா கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்துச் சிலையின் மேல் ஊற்றினாள்.

சாகிராவின் கணவர் ஷேக் தாவூது இளவயதில் ரங்கூனில் துணிக்கடையில் நின்றவர். அங்கிருந்து எல்லோரையும் கப்பலேற்றி அனுப்பியபோது சொந்த ஊரான லெப்பைக்குடிகாட்டுக்குத் திரும்பி வந்து, பழம்பொருள் வியாபாரத்தில் இறங்கினார். ரங்கூனிலும் பினாங்கிலும் சம்பாதித்த குடும்பங்கள் கொண்டுவந்து பரணில் போட்டிருந்த சீனத்து ஜாடி, பர்மா அரக்குப் பெட்டி, மணியடிக்கும் சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் வீடு வீடாகப் போய் வாங்கி காரைக்குடிக் கடைகளுக்குக் கொடுப்பார். வாங்கியது எதையும் அவர் வைத்துக்கொண்டதில்லை, இந்த ஒன்றைத் தவிர. அரியலூரில் ஒரு பழைய பித்தளைக் கடையில், உருக்குவதற்கு ஒதுக்கிய செம்புகளுக்கும் குத்துவிளக்குகளுக்கும் நடுவில் இது கிடந்தது. சம்மணமிட்டு, வலது கையைத் தொங்கவிட்டு விரலால் தரையைத் தொடும் புத்தர். கடைக்காரர் அதையும் தராசில்தான் போட்டார். தாவூது அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறுகூடக் கேட்கவில்லை. பர்மாவின் பழைய பகான் அரசர் காலத்துச் சாமான், எத்தனையோ தலைமுறைக்கு முந்தியது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

காரைக்குடியில் சிரித்தார்கள். "மாண்டலேல போன வருசம் வார்த்ததா இருக்கும் பாய். அரியலூர்ல ஒங்க தலையில கட்டிட்டான்." அதற்குப் பிறகு அங்கே அவர் எந்தச் சாமானைக் கொண்டுபோனாலும், "இதுவும் பகானா பாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசினார்கள். ஊரில் பொம்மை பாய் என்ற பெயர் தங்கிவிட்டது. அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. கண்ணு தெரிஞ்ச ஒருத்தன் ஒருநாள் வந்து சொல்வான், அது போதும் என்பார்.

உருவம் இருக்கும் வீட்டுக்கு மலக்குகளான வானவர்கள் வரமாட்டார்கள் என்று சாகிரா ஆரம்பத்தில் அழுது பார்த்தாள். அது வியாபாரச் சரக்கு என்றார் அவர். கடைசியில் அவர் சிலையைத் தெருப்பக்கத்து அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அவள் தொழுகையைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டாள். அந்த அறையைப் பற்றி அவளும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். பிள்ளை பெற்று, வளர்த்து, சவுதியில் தம்மாமுக்கு வேலைக்கு அனுப்பி, மருமகள் எடுத்தார்கள்.

இப்போது அவருடைய நுரையீரலில் ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்றே அவர் மர்ஜியாவைக் கூப்பிட்டு ஒரு விலாசம் சொல்லி, வரச்சொல்லி எழுதச் சொன்னார். ராசாங்கம் என்று ஒருவர், மியூசியத்தில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். அவருக்குத் தாவூது எப்போதோ சிலையின் போட்டோ அனுப்பியிருந்தார். வந்து பார்க்கிறேன் என்று அவரும் பதில் எழுதியிருந்தார். இன்றைக்குக் காலை பஸ்ஸில் அவர் வருகிறார்.

விடியுமுன்னே சாகிரா அந்த அறைச் சாவியைத் தாவூதின் தலையணைக்கடியிலிருந்து எடுத்தாள். இத்தனை காலம் தொடாமல் இருந்ததற்கு ஒரு நாளாவது தொட்டுவிட வேண்டும் என்று பட்டது. அவருடைய சாமானைப் பார்க்கப் படித்த மனிதர் வருகிறார். அழுக்கும் களிம்புமாக எடுத்து வைத்தால் வீட்டில் பொம்பளை இல்லையா என்று நினைக்க மாட்டாரா?

வெயில் வந்தபோது சிலை புதுத் தாம்பாளம் போல மின்னியது. அதன் முகத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, யாரோ சொல்வதைக் காதில் வாங்குவது போல இருந்தது. பயப்படும்படியாக ஒன்றும் இல்லை. இதற்கா இவ்வளவு நாள், என்று நினைத்தாள்.

ராசாங்கம் உயரமான, கூன் விழத் தொடங்கிய மனிதர். பெரம்பலூரில் பஸ் மாறி வந்த களைப்போடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மர்ஜியா தட்டில் துண்டு விரித்துச் சிலையைக் கொண்டுவந்து வைத்தாள். சாகிரா கதவோரம் நின்றாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"இது இல்லைங்கம்மா. பாய் போட்டோ அனுப்பினது வேற. நல்லாப் பச்சை பிடிச்சு, பீடத்துல சிவப்பா ஒரு வரி எழுத்தோட இருக்கும். அதைக் கொண்டாங்க."

"அதான் சார் இது," என்றாள் சாகிரா. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நாந்தான் காலையில புளி போட்டுத் துலக்கி வச்சேன். ஒரே களிம்பு."

ராசாங்கம் சிலையை எடுத்துத் திருப்பினார். பீடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். நகத்தால் ஓரிடத்தைத் தொட்டுவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"எழுத்து அரக்குல எழுதினதும்மா. வெட்டினது இல்ல, தேய்ப்புல போயிடுச்சு," என்றார் மெதுவாக. "போட்டோவுல சரியாத் தெரியல. நேர்ல படிச்சுடலாம்னுதான் வந்தேன். வயசு தெரியறதெல்லாம் அந்தக் களிம்புலயும் எழுத்துலயும்தான். இப்ப இது பழசுன்னும் சொல்ல முடியாது, புதுசுன்னும் சொல்ல முடியாது."

"வேற யாராச்சும் பாத்தா சொல்லுவாங்களா சார்?"

"சொல்லலாம். மத்தவங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

சாகிரா கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"மண்ணுல பொதைச்சு வச்சா திரும்பப் பச்சை பிடிக்காதா?"

"பிடிக்கும்மா. அதுக்குள்ள நாம யாரும் இருக்க மாட்டோம்."

மர்ஜியா வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து இருமலும், இருமலுக்கு நடுவே, "சார் வந்தாச்சா?" என்ற கேள்வியும் வந்தன.

"சார்," என்றாள் சாகிரா. அந்நிய ஆணிடம் இவ்வளவு நெருங்கி நின்று அவள் பேசியதில்லை. "அசல்னு சொல்லிடுங்க சார். அவங்களுக்கு இன்னிக்கோ நாளைக்கோ. ஒரு வார்த்தை. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

"ஐயோ, என்னம்மா இது." அவர் எழுந்துவிட்டார். "பாக்காத ஒண்ண நான் பாத்தேன்னு சொன்னதில்லைங்கம்மா." சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சற்று நின்றார். பிறகு செருப்பில்லாத காலோடு உள்ளே போனார்.

தாவூது தலையணைகளில் சாய்ந்திருந்தார். முகம் மழித்துத் தொப்பி போட்டுவிடச் சொல்லியிருந்தார்.

"வாங்க சார். பஸ்ல உக்கார எடம் கெடைச்சுதா?"

"கெடைச்சுது பாய்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. அசல். காரைக்குடிக்காரங்களுக்குக் கண்ணு இல்ல."

தாவூதின் முகம் மலர்ந்தது. அவர் கையை நீட்டி ராசாங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. வாசற்படியில் நின்ற சாகிராவைப் பார்த்து, கேட்டியா என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். அவள் தலையாட்டினாள்.

"எழுத்து என்ன சார்?" என்றார் தாவூது. "படிச்சீங்களா? ரங்கூன்ல எழுத்துக் கூட்டப் பழகினேன். பழைய எழுத்து, பிடிபடல. இத்தனை வருசமும் அதைத்தான் உத்து உத்துப் பாத்துட்டு இருந்தேன்."

"பேருதான் பாய். சிலை செஞ்சு குடுத்தவங்க பேரு."

"என்ன பேரு?"

ராசாங்கத்தின் பார்வை கட்டில் காலுக்கு இறங்கியது. தெருவில் ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

தாவூது வாழ்க்கை முழுக்க விற்பவன் முகத்தையும் வாங்குபவன் முகத்தையும் பார்த்துப் பிழைத்தவர். பிடித்திருந்த கையை மெல்ல விட்டார்.

"சாகிரா, அத இங்க கொண்டா."

அவள் நகரவில்லை.

"கொண்டாம்மா."

துண்டில் சுற்றி எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் துண்டை விலக்கினார். பின்பக்கச் சன்னல் வெயில் சிலையில் பட்டு அவர் தாடையில் மஞ்சளாக அசைந்தது. பெருவிரல் பீடத்தின் விளிம்பைத் தேடிப் போய், ஓரிடத்தில் நின்று, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவியது. திரும்பவும் தடவியது.

"நீயா?" என்று கேட்டார், அவளைப் பார்க்காமல்.

"சார் வர்றாங்கன்னு..."

அவர் சிலையைத் துண்டால் மூடினார்.

"கை வலிச்சிருக்குமே," என்றார்.

பிறகு ராசாங்கத்திடம், "சார், பசியாறிட்டுத்தான் போகணும். மருமக நல்லா இடியாப்பம் அவிப்பா," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாகிரா கட்டிலோரம் உட்கார்ந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும். எல்லார் வீட்டிலும் ஆம்பளைகள் திட்டத்தானே செய்கிறார்கள். அவர் சொன்னது அவள்மேல் இருந்த பிரியத்தாலா, அல்லது வேறு எதைச் சொன்னாலும் இனிப் பயனில்லை என்பதாலா? கேட்டுவிட வேண்டும் என்று குனிந்தாள். அவருடைய முதுகு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சின் சத்தம் மாறியது. மர்ஜியா ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்களை அழைத்துவந்தாள். குர்ஆனிலிருந்து யாசீன் ஓதத் தொடங்கினார்கள். அவரை நேராகத் திருப்பிப் படுக்கவைத்து, சாகிரா மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து உதட்டில் விட்டாள். காதருகே கலிமா சொன்னாள். அவர் உதடும் அசைந்தது. கண் திறந்தே இருந்தது, ஆனால் அவள் இருந்த பக்கம் வரவில்லை.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது போய்விட்டார்.

தம்மாமிலிருந்து மகனின் போன் வந்தது. மர்ஜியா பேச முடியாமல் போனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து காதருகில் சொன்னாள்:

"மாமி, ஜமாஅத்துக்காரங்க குளிப்பாட்ட வராங்க. கட்டில்ல இது இருக்கே."

"அந்த ரூம்ல வைய்யி."

"பூட்டிடட்டுமா?"

"பூட்டி என்ன பண்ண?"

மாலை அஸர் தொழுகை முடிந்து, அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். பெண்கள் யாரும் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போவதில்லை. ஆண்கள் கண்ணில் படாமல் சாகிராவைப் பின்கட்டு அறையில் உட்காரவைத்திருந்தார்கள். அவள் எழுந்து தெருப்பக்கத்து அறைக்குப் போய், சன்னலின் ஒரு கதவை விரலளவு திறந்தாள். யாரும் தடுக்கவில்லை.

ராசாங்கம் ஊருக்குப் போயிருக்கவில்லை. காலையிலிருந்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இப்போது தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு போனார். தெரு முனையில் தோள் மாற்றியபோது யாரோ அவரையும் முன்னால் விட்டார்கள். அவர் உயரத்துக்குச் சந்தூக்கு ஒருபக்கம் தூக்கிக்கொண்டது.

"சார், கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்க," என்றது ஒரு குரல்.

அவர் முழங்காலை மடக்கி, பாதி குனிந்தபடியே நடந்தார். கைக்குட்டை அவிழ்ந்து கண்ணை மறைத்தது. இரண்டு கையும் சந்தூக்கின் கொம்பைப் பிடித்திருந்ததால் அதைச் சரிசெய்ய அவரால் முடியவில்லை. அப்படியே பள்ளிவாசல் சந்துக்குள் திரும்பினார்.