ஆறாம் பாடம்

1

இந்தக் கதை ஒரு சான்றிதழால் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டும் சாமர்த்தியம் எனக்கு இல்லை.

ஒரு வயர்மேன் எட்டு மணி நேரப் பயிற்சியை முடித்து, மாறிய வயரிங் விதிகளில் தேர்வெழுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வாங்கியிருக்கிறார் என்று அந்தச் சான்றிதழ் சொல்கிறது. அது இல்லாமல் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். தேர்வு முடிந்த பத்தொன்பதாம் நாள், வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் அவர் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். எந்த விதி தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரோ, அது அந்தப் பயிற்சியின் ஆறாம் பாடத்தில் இருந்தது. விசாரணை அறிக்கையில் இப்படி எழுதினார்கள்: ‘இறந்தவர் இவ்விதியில் உரிய பயிற்சி பெற்றவர். அறிந்தும் பின்பற்றவில்லை.’

அவர் என் கணவர். அறிக்கையைப் படித்த அன்றே என் மகள் சுவரிலிருந்த அவர் படத்தைக் கழற்றி அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். “தெரிஞ்சே போய்த் தொட்டிருக்காரும்மா. நம்மள ஒரு நிமிஷம் நெனச்சுப் பாக்கல,” என்றாள். பதினோரு மாதமாகப் படம் அங்கேயே கிடக்கிறது.

அவளிடம் சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. வாயால் வரவில்லை. கதையாக வருமா என்று பார்க்கிறேன்.

2

தொடக்கம்: அன்று மழை பெய்துகொண்டிருந்தது. [பெய்யவில்லை. சாவு வரும் கதையில் மழை பெய்ய வேண்டும் என்று யார் எனக்குச் சொன்னார்களோ.]

தொடக்கம்: மின்சாரம் என்பது கண்ணுக்குத் தெரியாத [பள்ளிக்கூடக் கட்டுரை. அடித்தாயிற்று.]

தொடக்கம்: பியூஸ்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். எந்தக் கட்டடத்தில் கை வைத்தாலும் முதல் வேலையாக மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். இவர் ஏணியில் நிற்கும்போது எவராவது டீவி பார்க்கும் அவசரத்தில் மெயினைப் போட்டுவிட்டால் என்னாவது? “கட்டை எம் பையில இருக்கு. என்னைக் கேக்காம ஒரு எறும்புக்குக்கூட கரண்டு கெடையாது,” என்பார். இருபத்தாறு வருஷம் அப்படித்தான். ஒரு தடவை கட்டையைப் பையோடு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அங்கே ஒரு பல் டாக்டர், வாயைத் திறந்த நோயாளியை நாற்காலியில் சாய்த்துவைத்துக்கொண்டு, இருட்டில் இவருக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

உரிமம் வெள்ளிக்கிழமையோடு காலாவதி ஆகவிருந்தது. பயிற்சியைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முடிக்க வேண்டும். அவருக்கோ நாலு மாடிக் கட்டடத்தில் வேலை பாதியில் நின்றது. வெளியே சொல்லக் கூச்சப்பட்ட காரணம் ஒன்றும் உண்டு: சேர்ந்தாற்போல் பத்து வரி படித்தால் அவருக்குக் கண் சொருகிவிடும். சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே வயர் எங்கே ஓடுகிறது என்று சொல்லும் மனிதருக்கு, அச்சடித்த பக்கம் ஒத்துவரவில்லை.

அதனால் தம்பியைக் கூப்பிட்டார்.

“டேய், எம் பேர்ல நீ உக்காந்து முடிச்சுக் குடுத்துடேன்.”

“வயரப் பத்தி எனக்கென்னண்ணே தெரியும்?”

“ஒண்ணும் தெரிய வேணாம். அதுவே சொல்லிக் குடுக்கும், அதுவே கேள்வி கேக்கும். பாத்து எழுதுற பரீட்சைடா. நீ எழுதாததா?”

தம்பி சிரித்தான். [தம்பிக்கு ஒரு முகம் வேண்டும். மெல்லிய மீசை. வேலை வெட்டி இல்லாதவன்.] தம்பி மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்து

3

இந்தத் தம்பி மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

எட்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்காருகிற ஆளாக அவன் அமையவில்லை. சிகரெட்டைக் கொடுத்தேன், மூக்குக்கண்ணாடி மாட்டினேன், பாதியில் நின்ற கல்லூரிப் படிப்பைக்கூடக் கொடுத்துப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் மூன்றாம் பாடத்தில் எழுந்து போய்விடுகிறான். ஆறாம் பாடத்துக்கு வந்து சேருவதே இல்லை. ஆறாம் பாடத்தைப் படித்த ஒருவர் இல்லாமல் இந்தக் கதை நடக்காது.

வேறு வழியில்லை. என் கணவருக்குத் தம்பி கிடையாது. உட்கார்ந்தது நான்.

4

‘நான்’ என்று எழுதியதும் கை நின்றுவிடுகிறது. ‘அவள்’ என்று எழுதிக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அது போதும்.

“என்னங்க, இது தப்பில்லையா?” என்று அவள் ஒரு வார்த்தை கேட்டாள்.

“என்ன தப்பு? இருபத்தாறு வருஷமா வயரு எங்கிட்ட பாடம் படிக்குது. இப்ப நான் போய் அதுகிட்ட படிக்கணுமாக்கும்.”

“புது விதின்னு போட்டிருக்கே.”

“வருஷா வருஷம் விதிதாம்மா புதுசு. கரண்டு பழசுதானே.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறை மேசையில் இடம் ஒதுக்கி உட்கார்ந்தாள். திரையின் மேல் மூலையில் அவர் பெயர் இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கட்டம் வரும்: ‘நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?’ உடனே ‘ஆம்’ என்று அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் பாடம் முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். அவர் எங்கோ நாலாவது மாடியில் சுவரைக் குடைந்துகொண்டிருக்க, அவர் இருக்கிறார் என்று இவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.*

* மொத்தம் நாற்பத்தெட்டு தடவை. அப்போது எண்ணவில்லை. இப்போது படுத்தால் எண்ணுகிறேன்.

ஓர் உண்மையை இங்கே சொல்ல வேண்டும். அவளுக்கு அது பிடித்திருந்தது. படிப்பில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கி, அதோடு நின்றுபோனவள். இத்தனை வருஷம் அவர் வாயில் புழங்கிய சொற்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் பொருள் புரிந்தது. மகளுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் குறிப்பெழுதினாள், படம் வரைந்தாள்.

ஆறாம் பாடம் இதுதான். கூரையில் சூரியத் தகடும் உள்ளே பேட்டரியும் வைத்த கட்டடத்தில், மெயினை அணைத்தால் மட்டும் மின்சாரம் போய்விடாது. சில நிமிடம் கழித்துப் பேட்டரி விழித்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து அதே வயர்களுக்குள் அனுப்பத் தொடங்கும். அதற்கென்று தனியாக இரண்டாவது சுவிட்ச் ஒன்று இருக்கும். அதைத் தேடி அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் பொறுத்திருந்து மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

படித்தவுடன் அவளுக்கு அவர் சட்டைப்பைதான் ஞாபகத்துக்கு வந்தது. கட்டை பையில் இருந்தும் கரண்டு வருமா? நோட்டில் எழுதினாள்: ‘இவரிடம் சொல்ல வேண்டும்.’ கீழே இரண்டு கோடு போட்டாள்.

5

இந்த இடத்தை ஒன்பது தடவை எழுதியிருக்கிறேன்.

ஒரு வரைவில் அவர் கை கால் கழுவிவிட்டு வந்து உட்காருகிறார். அவள் நோட்டைப் பிரித்துப் படத்தைக் காட்டுகிறாள். “அட, இது எனக்குத் தெரியாதே,” என்கிறார். அந்த வரைவு எனக்கு மிகவும் பிடித்தது. அதை மட்டும் கிழிக்காமல் தனியாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்றில் அவள் சொல்ல ஆரம்பிக்கிறாள், அவர் கேலி செய்கிறார், “வந்துட்டாங்கய்யா இன்ஸ்பெக்டரம்மா” என்கிறார், அவள் கோபித்துக்கொண்டு நோட்டை மூடுகிறாள். அதில் குற்றத்தில் பாதி அவர் பக்கம் போய்விடுகிறது. அதனால்தான் அப்படி எழுதினேன். அதனால்தான் கிழித்தேன்.

நடந்தது இவ்வளவுதான்.

“முடிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

“தொண்ணூத்திரண்டு,” என்றாள் அவள்.

“அடேங்கப்பா. நானே எழுதியிருந்தா முப்பத்தஞ்சைத் தாண்டியிருக்காது.” உடனே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏய், இங்க வா. உங்கப்பன் எவ்ளோ வாங்கியிருக்கேன் பாரு.”

மகள் வந்து திரையைப் பார்த்தாள். “நெஜமாவாப்பா? நீங்களா?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்காரனா?” என்றவர், மகளுக்குத் தெரியாமல் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“போங்கப்பா, நான்கூட இவ்ளோ வாங்கினதில்ல,” என்று மகள் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அன்று படுக்கப் போகும்வரை அவர் தொண்ணூற்றிரண்டு வாங்கின மனிதராகவே வீட்டுக்குள் நடமாடினார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். உள்ளுக்குள் அது தன் மதிப்பெண் என்ற பெருமை இருந்தது. நோட்டு மேசையில் அவள் முழங்கைக்கு அருகில்தான் இருந்தது.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். காலையில் ஆறரைக்கே கிளம்பிவிடுவார். அப்படிப் பதினெட்டு ‘நாளை’ வந்து போனது. பிறகு அவளுக்கு அது மறந்தும் போனது. மறந்ததையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளை நான் நல்லவளாக்கிவிடுவேன்.

6

ஒரு துணிக்கடையின் மாடி. கூடத்தில் விளக்கு மாற்றும் வேலை. அவருடன் போன உதவியாளர் என்னிடம் சொன்னது:

“அண்ணி, அண்ணன் மெயின ஆஃப் பண்ணாரு. கட்டையப் புடுங்கிப் பையில போட்டாரு. டெஸ்டர் வெச்சும் பாத்தாரு அண்ணி. எரியல. எங்கிட்டயும் காட்டினாரு, பாரு எரியலன்னு. அப்புறந்தான் ஏணியில ஏறினாரு.”

இரண்டாவது சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் இருந்திருக்கிறது. விதிப்படி அதன்மேல் எழுதியும் ஒட்டியிருந்தார்கள்.

இந்தப் பகுதியை இதற்கு மேல் நீட்ட என்னால் முடியாது.

7

முடிவுகளை யோசித்தேன்.

மகளிடம் சொல்கிறாள். மகள் அழுது, அம்மாவைக் கட்டிக்கொண்டு, படத்தை எடுத்து மாட்டுகிறாள். [எழுதும்போதே பொய் என்று தெரிகிறது. அப்பாவைப் பதினோரு மாதம் மன்னிக்காதவள் அம்மாவை மட்டும் எப்படி]

மகளிடம் சொல்கிறாள். மகள் துணிகளை எடுத்துப் பையில் அடுக்குகிறாள். இவளுக்கு இந்த உலகத்தில் மீதி இருப்பது அந்த ஒருத்திதான்.

சொல்லவே இல்லை. வீட்டில் இரண்டு பேரும் நன்றாகவே இருக்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் செத்த ஒருவர், தெரிந்தே செத்தவராக அலமாரியில் கவிழ்ந்து கிடக்கிறார். மகள் வயதாகி, தன் பிள்ளைகளிடமும் அப்படியே சொல்வாள்.

மூன்று முடிவிலும் அவர் செத்துத்தான் போயிருக்கிறார். அதைத் திருத்த ஒரு வழி அகப்படுமா என்றுதான் இத்தனை தாளும் வீணடித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

8

மகள் வேலையிலிருந்து வந்துவிட்டாள். சமையலறை வாசலில் நிற்கிறாள். இனி இது நடக்க நடக்க எழுதுவது.

“என்னம்மா எழுதிட்டே இருக்கே, பரீட்சையா?”

“கதை.”

“நீயா? யாரப் பத்தி?”

“ஒரு வயர்மேன்.”

“சாவாரா?”

“ம்.”

“அவரும் தெரிஞ்சேதான் தொட்டாரா?”

நான் தலை நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் தண்ணீர் குடிக்கிறாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறாள். மேசைக்கு இந்தப் பக்கமாக வருகிறாள். முதல் தாளை எடுத்துவிட்டாள். வேகமாகப் படிக்கிறவள். அதில் என்னைப் போல. இரண்டாவது தாளுக்குப் போய்விட்டாள்.

“தம்பியா? நமக்கேதும்மா சித்தப்பா?”

அடுத்த தாளில்தான் நான் இருக்கிறேன். அதன்மேல் என் இடது கை இருக்கிறது. அவள் விரல்கள் தாளின் ஓரத்தைப் பிடித்திருக்கின்றன.

“கையை எடும்மா.”

குரலில் கோபம் இல்லை. வெறுமனே கேட்கிறாள், உப்பு டப்பாவை எடுத்துத் தரச் சொல்வதுபோல. மெதுவாக இழுக்கிறாள். தாள் ஓரத்தில் கொஞ்சம் கிழிகிறது.

இதுவரை படித்துவிட்டீர்கள். அவளுக்கு முன்னால் முழுவதும் தெரிந்துகொண்டவர் நீங்கள்தான். எடுக்கட்டுமா?