நானூறு பால்குடங்களும் ஒரு வாக்கியமும்

மலேசியாவின் கிள்ளானில் தம்புசாமியின் பூஜைப் பொருள் ஸ்டோரில், நானூறு பால்குடங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு ஐவன் கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டினான். திரை சிவந்தது. மதிப்பெண் நூற்றுக்குப் பதினொன்று.

"இருநூத்தி நாப்பது நாளா அசையல ஆன்டி. செத்த சரக்கு."

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சீதாலெட்சுமி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தைப்பூசம் முடிஞ்சா அடுத்த தைப்பூசத்துக்குத்தான் தம்பி அது அசையும். நடுவுல எங்க போவும், கெந்திங் மலைக்கு டூரா?"

ஐவன் சிரித்தான். உடன் வந்திருந்த ஷார்மைன் பக்கம் திரும்பி, இந்தக் கடையின் கம்ப்யூட்டரே இந்த அம்மாதான், இன்னும் சாம்பிராணியில் ஓடுகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னான். சீதாலெட்சுமிக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அவனாகவே செய்துகொண்ட முடிவு. அவள் குடங்களின் மேலிருந்த பிளாஸ்டிக்கை மெல்ல இழுத்து மூடிய விதத்தைப் பார்த்தபோது, அவளுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது என்று ஷார்மைனுக்குத் தெரிந்தது.

இருவருக்கும் சுபாங் ஜெயாவில் ஒரே அலுவலகம். சரக்கின் ஆரோக்கியத்தைச் சோதித்து மதிப்பெண் போடும் கருவி ஐவனுடையது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஆவணம் ஷார்மைனுடையது. அதைப் படிக்கப்போவது மனிதர்கள் அல்ல, ஏஜென்ட் என்று அழைக்கப்படும் ஏஐ. திங்கட்கிழமை முதல் அது ஆவணத்தைப் படித்து, கருவியைக் கேட்டு, மதிப்பெண் குறைந்த பொருள்களை யாரையும் கேட்காமல் பாதி விலைக்குத் தள்ளிவிடும். அதே திங்கட்கிழமை மாலை, டிசம்பரில் நடக்கவிருக்கும் தங்கள் கல்யாணத்தைப் பூசையில் அறிவிக்கும் ஓலை வாசிக்கப் பெயர் கொடுக்க, பிரிக்ஃபீல்ட்ஸ் கோவிலில் ஃபாதரை இருவரும் பார்க்க வேண்டும்.

"தைப்பூசத்த கருவிக்குச் சொல்லலியா நீ?" என்று ஷார்மைன் காரில் கேட்டாள். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பத்துமலையில் நண்பர்களோடு தண்ணீர்ப் பந்தல் போடுகிறவன் அவன்.

"அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம் லா. உன் டாக்குமென்ட்ட யாரு படிக்கப் போறா?"

"மனுஷன் படிச்சா சந்தேகப்படுவான். ஏஜென்ட் அப்படியே நம்பிரும்."

"நீ கதை எழுதப் போயிருக்கணும்," என்று சொல்லிவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

அன்றிரவே அவள் எழுதினாள்: "ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் விற்கும் பொருள்களை இந்தக் கருவியால் அடையாளம் காண முடியாது. அறுபது நாள் அசையாத எதையும் விலை குறைக்கும் முன் ஸ்டோர் பொறுப்பாளர் சீதாலெட்சுமியிடம் அனுமதி பெற வேண்டும்." கீழே சீதாலெட்சுமியின் தொலைபேசி எண்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஆவணத்தைத் திறந்தபோது அந்த வரிகள் இல்லை. ஐவனின் பெயரில் வேறொன்று இருந்தது: "பழைய சரக்கு தொடர்பான குழப்பங்களுக்கு ஸ்டோர் பொறுப்பாளரின் தவறான பதிவுகளே காரணம்."

அவள் இரண்டு முறை படித்தாள். குறட்டை, தாமதம், மறந்துபோன பிறந்தநாள்கள் என்று எல்லாவற்றையும் ஐந்து வருடமாகச் சிரித்தே கடந்திருக்கிறாள். அவளுக்கு எழுதிய காதல் கடிதங்களில்கூட ஒரு வரியை அவன் பிழையில்லாமல் முடித்ததில்லை. இந்தப் பொய்யை மட்டும் எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறான்! தன் கருவியின் ஓட்டையை அடைக்க, குடங்களைப் போர்த்தி வைத்த ஒருத்தியின் பிழைப்பையே எடுத்து அதில் செருகியிருக்கிறான். இனி இது குடங்களின் விஷயமல்ல. இந்த ஆளோடுதான் காலமெல்லாம் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். அவள் அவன் வரியை அழித்துவிட்டுத் தன் வரிகளைத் திரும்பப் போட்டாள். அவனிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு, கூட்ட அறையின் பெரிய திரையில் ஏஜென்ட் பட்டியலைப் படித்துக்கொண்டே போய்ப் பால்குடங்களில் நின்றது. விலை குறைக்கவில்லை, சீதாலெட்சுமியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன் என்று எழுதியது. ஐவனின் காது மடல் சிவந்தது. அதற்குள் கிள்ளானிலிருந்து குரல் பதிவு வந்துவிட்டது. "யாரு தம்பி நீங்க, புதுசா? தைப்பூசம் வரைக்கும் அதுல கை வைக்காதீங்க. சாப்டாச்சா?"

கூட்டத்துக்கு வந்திருந்த கடை முதலாளி தம்புசாமி மேசையைத் தட்டிச் சிரித்தார். "பரவாயில்லயே! மனுஷாள கேட்டுட்டுச் செய்யுதே. யாரோட ஐடியா?"

"ஆரம்பத்துலயே நான் அப்டிதான் வச்சேன் பாஸ்," என்றான் ஐவன். "அனுபவத்துக்கு மதிப்புக் குடுக்கணும் இல்லயா?"

சொல்லிவிட்டு மேசைக்கடியில் ஷார்மைனின் கையைத் தேடி அழுத்தினான். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள், வரவில்லை. கூட்டமான ரயிலில் தெரியாத ஒருவரின் முழங்கை பட்டால் ஒதுங்குவதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

ஐந்தரைக்கு எல்லோரும் போய்விட்டார்கள். "வா, ஃபாதர் காத்திட்டிருப்பாரு. ஜாம்ல மாட்டிக்குவோம்," என்று ஐவன் லிப்டுக்குள்ளிருந்து அழைத்தான். கதவு மூடாமலிருக்க ஒரு காலை வெளியே நீட்டியிருந்தான். கதவு வந்து அவன் ஷூவில் மோதி விலகியது, திரும்ப வந்து மோதியது. அறைக்குள் ஷார்மைன் லேப்டாப் சார்ஜரின் வயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்ததும் அவிழ்த்து, இன்னும் நேர்த்தியாக, முதலிலிருந்து சுற்றத் தொடங்கினாள்.