லோடுக்கு ஒரு டீ

எங்கள் ஊரில் விறகிலிருந்து கரண்ட் எடுக்கிறோம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். உண்மைதான். சீமைக்கருவேலத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் போட்டு, காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் வாயு வரும். அந்த வாயுவில் எஞ்சின் ஓடும். எஞ்சின் ஓடினால் கரண்ட். வெம்பக்கோட்டைப் பக்கம் மூன்று ஊர் மகளிர் குழுக்கள் சேர்ந்து, சங்கம் வைத்து நடத்துகிற நிலையம் இது. சாயங்காலம் ஆறு மணியானால் மூன்று ஊருக்கும் எங்கள் வெளிச்சம்தான். இரண்டாயிரத்து எட்டில் ஊர் உலகமெல்லாம் கரண்ட் போய் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எங்கள் தெருவில் டிவி ஓடியது. அந்த வருஷம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

சங்கத்தில் என் வேலை கொள்முதல். பெயர்தான் பெரிசு. வண்டியில் வரும் விறகைப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்வதுதான் வேலை. ஈர விறகு ஆகாது. தாரும் புகையுமாகக் கக்கி எஞ்சினைக் கெடுத்துவிடும். ஈரம் பார்க்க மிஷினோடு ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நாளிலேயே அது தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. ஈரம் பார்க்கிற கருவி ஈரத்திலேயே செத்தது என்று ஆப்பரேட்டர் காளீஸ்வரன் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறான்.

அதற்குப் பிறகு நானாகக் கண்டுபிடித்த வழிதான் டீ. வண்டியின் மேலிருந்து விறகு எடுக்க மாட்டேன். காய்ந்ததை மேலே அடுக்கி ஈரத்தை உள்ளே ஒளிப்பது விறகுக்காரர்களின் பிறவிக் குணம். லோடின் நடுவயிற்றில் கையை விட்டு நாலு கட்டையை உருவி, வாசல் அடுப்பில் வைத்து டீக்குத் தண்ணீர் போடுவேன். வண்டி கொண்டுவந்தவர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் டீ கொதித்தால் விறகு காய்ந்தது என்று அர்த்தம். லோடை இறக்கச் சொல்லி, அவருக்கும் ஒரு டம்ளர் கொடுப்பேன். கொதிக்காவிட்டால் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான். டீயும் கிடையாது.

வெற்றிலை போடுவதில் கோட்டைச்சாமி மாமாவை யாரும் மிஞ்ச முடியாது. என் தங்கை பானுப்பிரியாவின் மாமனார் அவர். காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, முதுகில் சுண்ணாம்பு தடவி, பாக்கைக் கன்னத்தில் ஊறவைத்து அவர் மெல்லத் தொடங்குவதற்குள் ஈரத் துணியே எரிந்துவிடும் என்று கேலி செய்வேன். ஆனால் அவர் விறகுக்கு அந்தத் தயவு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. காய்ந்த விறகுக்கு விலை கூட, மழைக்கு உள்ளே வையுங்கள் என்று நான் சொன்ன நாளிலிருந்து, வீட்டை ஒட்டி இருக்கும் கொட்டகைக்குள் அடுக்கிவைத்து, மழைத்தூறல் படாமல் கொண்டுவருவார்.

புரட்டாசியில் ஒருநாள் அவர் விறகை அடுப்பில் வைத்தேன். சட்டென்று பிடித்தது. பிடித்த தீயின் ஓரமெல்லாம் பச்சை.

முதலில் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். கட்டையைத் திருப்பிப் போட்டேன். திருப்பிய பக்கமும் பச்சையாக எரிந்தது.

“மாமா, இந்த விறகை எங்கன வெட்டுனீக?”

“எப்பவும் வெட்டுற கம்மாக்கரைதான் தாயி.”

“தீயைப் பாத்தீகளா?”

அவர் தீயைப் பார்த்தார். பிறகு வண்டி மாட்டைப் பார்த்தார். “டீ கொதிச்சிருச்சுல்ல. பெறகென்ன?” என்றார். டம்ளரைப் பாதியிலேயே வைத்துவிட்டு, விறகை அவசரமாக இறக்கிப் போட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்று தெரியாமல் இருப்பது எனக்கு ஆகவே ஆகாது. ரேடியோவுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சின்ன வயதில் பிரித்துப் பார்த்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அந்த லோடைத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பழைய கதவுப் பெயிண்ட் ஏதாவது ஒட்டியிருக்குமா என்று பார்த்தேன். இல்லை. செம்புக் கம்பி சுற்றியிருக்குமா? அதுவும் இல்லை. ஒரு கட்டையின் பட்டையை உரித்து உள்கட்டையை மட்டும் எரித்தேன். மஞ்சளாக எரிந்தது, எல்லா விறகும் எரிவதுபோல. உரித்த பட்டையைப் போட்டேன். பச்சை.

அப்படியானால் மரத்தில் இல்லை, மரத்தின் மேலே இருக்கிறது. இன்னொரு கட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தேன். மாவு மாதிரி சாம்பல் நிறத் தூசி விரலில் ஒட்டியது.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைத்தவள்தான். பச்சைக்கு எந்த உப்பைப் போடுவார்கள் என்பது சிவகாசிப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

“பேரியம்க்கா,” என்றான் காளீஸ்வரன், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. “இதை உருளைக்குள்ள போட்டா என்ன ஆகும்?”

“தெரியாது. தெரிஞ்சுக்க ஆசையுமில்லை.”

எனக்கு ஆசையில்லாத விஷயம் அது ஒன்றுதான். மற்றபடி, கம்மாக்கரையில் வெட்டிய விறகின்மேல் பட்டாசு மருந்து எப்படி வந்தது என்பது மண்டையைக் குடைந்தது. மறுநாள் சாயங்காலம் பக்கத்து ஊருக்கு, தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

நான் போனபோது பானுப்பிரியா வாசலில் இல்லை. அவள் மகள், அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த பிள்ளை, முற்றத்தில் குடுகுடுவென்று கொட்டகைக் கதவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். அதற்குள் பானுப்பிரியா கொட்டகைக்குள்ளிருந்து வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். முழங்கைவரை சாம்பல் நிறம்.

“வாக்கா. என்ன திடீர்னு?”

“கொட்டகையைப் பாக்கணும்.”

“அங்கன என்னத்தைப் பாக்கப்போற. தேளு கெடக்கும்.”

தேளைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கதவைத் தள்ளினேன். மூன்று சுவரோரமும் எங்களுக்கு வரவேண்டிய விறகு. நடுவில் சாக்கு விரித்து, சல்லடை, காகிதக் குழாய்கள், மூலையில் இரண்டு மூட்டை. மேலே கயிற்றில் கட்டித் தாழ இறக்கிய டியூப் லைட். நாலாவது சுவர் வீட்டுச் சுவர். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் பிள்ளையின் தொட்டில் தொங்குகிறது.

“ஏன்டி, என்னடி இது?”

“தெரியுதுல்ல. பெறகு எதுக்குக் கேக்குற?”

தீபாவளி சீசன். வெளியூர் ஏஜெண்ட் ஒருவன் மருந்தை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அடைத்த குழாய்களை வாங்கிப் போவானாம். பகலில் கம்பெனி வேலைக்குப் போகும் அவள் புருஷன் மாரிக்கண்ணனும் அவளுமாகச் சாயங்காலத்தில் அடைப்பார்களாம். லைசென்ஸ் கிடையாது, ஒன்றும் கிடையாது.

“தீவாளியோட விட்டுருவோம்க்கா. முந்தி சிம்னி வெளக்கை வச்சுக்கிட்டு இதைச் செய்ய முடியுமா? நீங்கதான் கரண்ட் குடுத்தீக. இப்ப லைட்டு இருக்கு.”

என் தலைக்கனம் அங்கேயே இறங்கிவிட்டது. மழைக்கு விறகைக் கொட்டகைக்குள் வை என்று சொன்னவள் நான். அந்தக் கொட்டகைக்கு வெளிச்சம் கொடுத்ததும் எங்கள் சங்கம். ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வீட்டுக்கு வீடு, யார் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று மனதுக்குள் எண்ணிப் பார்க்கிற ஜனங்கள் நாங்கள். இதில் இருக்கிற ஆபத்தை அவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

“அந்தப் பக்கம் தொட்டிலு தொங்குது, தெரியுமா?”

“எம்பிள்ளை தொட்டிலு எனக்குத் தெரியாதா? நீ விறகு வாங்குறவ. விறகை மட்டும் வாங்கு.”

“சரி, விறகையே பேசுவோம். உங்க வீட்டு விறகு வரட்டும். எப்பவும்போல டீ போடுவேன். தீ மஞ்சளா எரிஞ்சா வாங்கிக்கிறேன், ஒரு கேள்வி கேக்கமாட்டேன். இன்னொரு தடவை பச்சையைப் பாத்தேன், சங்கத்துல சொல்லிருவேன். லைனைப் புடுங்கிருவாக. பெறகு போலீஸுதான்.”

“சொல்லிக்கோ,” என்று என் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கோட்டைச்சாமி மாமாவின் வண்டி வரவில்லை. பானுப்பிரியாவும் பேசவில்லை. மற்றவர்கள் விறகு வந்தது, டீ கொதித்தது, எஞ்சின் ஓடியது. தினமும் ஆறு மணிக்குக் காளீஸ்வரன் சுவிட்சைப் போடும்போது, அந்தத் தாழக் கட்டிய டியூப் லைட் எரிவது என் கண்ணுக்குள் தெரியும். சங்கத்தில் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வரும். சொன்னால் மாரிக்கண்ணன் உள்ளே போவான். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அதற்குமேல் யோசிக்கப் பயந்தேன். இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடியிறக்க நேர்ந்துகொண்டேன். யார் தலைமுடி என்று மட்டும் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு முந்தைய வாரம், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், கோட்டைச்சாமி மாமாவின் வண்டி வாசலில் வந்து நின்றது. அவர் திண்டில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். நான் நடுவயிற்றில் கையை விட்டு நாலு கட்டை உருவினேன். அடுப்பில் வைத்துப் பற்றவைத்தேன். காளீஸ்வரன் எஞ்சின் துடைப்பதை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றான்.

மஞ்சள். புரட்டிப் போட்டேன், மஞ்சள்தான். டீத்தூளைக் கூடக் கொஞ்சம் அள்ளிப் போட்டேன்.

ஆனால் தண்ணீர் கொதிக்கவில்லை. புகைதான் வந்தது. கட்டை முனையில் நுரை தள்ளிச் சீறியது. ஊதி ஊதிப் பார்த்தேன். கோட்டைச்சாமி மாமா காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, மென்று, துப்பியும் விட்டார். அந்த மனிதர் வெற்றிலை போட்டு முடித்தும் டீ கொதிக்காதது அன்றைக்குத்தான்.

“விறகு நனைஞ்சிருக்கே மாமா.”

“மழைல்ல தாயி.”

“கொட்டகை இருக்கே. எதுக்கு நனையுது?”

அவர் பெட்டியை மூடினார். “எனக்கு ஒண்ணும் தெரியாது. உன் தங்கச்சிட்டயே கேளு.”

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மருந்துத் தூசி படக்கூடாது என்று விறகைத் தூக்கி வெளியே மழையில் போட்டிருக்கிறார்கள். மூட்டை கொட்டகைக்குள்ளேயே இருக்கிறது. என் டீயை ஏமாற்ற வழி கண்டுபிடித்திருக்கிறாள், கெட்டிக்காரி. வந்த கோபத்தில் அடுப்பைக்கூட அணைக்காமல், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பக்கத்து ஊர்வரை நடந்தேன். முதல்முறையாக, நான் நினைத்தது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நடந்தேன்.

முற்றம் முழுக்க விறகு. வேலியில் சாய்த்து, கயிற்றுக் கட்டிலில் பரப்பி, துணி துவைக்கிற கல்லின் மேலே அடுக்கி, எங்கு பார்த்தாலும் சொட்டச் சொட்ட விறகு. நடுவில் ஒரு அண்டாத் தண்ணீர். அதன் பக்கத்தில் பானுப்பிரியா குத்தவைத்து உட்கார்ந்து, தேங்காய் நாரால் ஒரு கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி பண்ற?”

“பாத்தாத் தெரியல? விறகு கழுவுறேன்.”

நான் கொட்டகைக் கதவைத் தள்ளினேன். மூட்டை இல்லை, சல்லடை இல்லை, சாக்கு இல்லை. தரையையும் சுவரையும் கழுவித் தள்ளியிருந்தாள். மூலையில் ஈரம் இன்னும் காயவில்லை.

“நீ வந்துட்டுப் போன மறுநாளே ஏஜெண்டை வரச்சொல்லி மூட்டையைத் தூக்கச் சொல்லிட்டேன். இவருக்கு என்மேல கோவம், இன்னும் சரியாப் பேசல. ஆனா விறகுல ஒட்டுனது போகல. தட்டிப் பாத்தேன், தொடச்சுப் பாத்தேன், அடுப்புல வச்சா பச்சையாத்தான் எரியுது. கழுவினாத்தான் போகுது. காயவச்சு அனுப்பலாம்னு இருந்தேன். மாமாதான் அவசரப்பட்டு ஒரு லோடை ஏத்திட்டுப் போயிட்டாரு.”

“இத ஏன்டி எங்கிட்டச் சொல்லல?”

“ஒரு கேள்வி கேக்கமாட்டேன்னு சொன்னவ நீதான. கேக்காதவகிட்ட என்னத்தைச் சொல்றது?”

அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை வெளுத்து ஊறிப்போய், விரலெல்லாம் கருவேலம் கீறிய கோடுகள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் வந்தது, சிரித்தேவிட்டேன்.

“விறகைக் கழுவி விக்கிறவளை இப்பத்தான்டி பாக்குறேன்.”

“வாங்குவியா மாட்டியா?”

“இன்னைக்கு வாங்கமாட்டேன். டீ கொதிக்கல.”

“அப்ப வண்டியைத் திருப்பி அனுப்பு.”

“எஞ்சின் பக்கத்துல சூடா இருக்கும். அங்கனயே கெடந்து காயட்டும். காஞ்சதும் டீ போடுறேன்.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நார் ஒன்றுதான் இருந்தது. அதைப் பிய்த்துப் பாதியைக் கொடுத்தாள். இரண்டு பேரும் தேய்த்தோம். வெகுநாள் கழித்து ஊர்க்கதை, மழைக்கதை எல்லாம் பேசினோம்.

இருட்டத் தொடங்கியபோது தூரத்தில் எங்கள் எஞ்சின் சத்தம் கேட்டது. ஆறு மணி. கொட்டகைக்குள் டியூப் லைட் இரண்டு தடவை கண்சிமிட்டிவிட்டு எரிந்தது. திறந்த கதவு வழியாகக் கழுவிய தரை தெரிந்தது.

பிள்ளை அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, முற்றத்தைத் தாண்டி, குடுகுடுவென்று கொட்டகைக்குள் தவழ்ந்து போனது. நான் பாதி எழுந்துவிட்டேன். பானுப்பிரியா தலையைத் தூக்கிப் பார்த்தாள், பார்த்துவிட்டு விறகைத் தேய்த்தாள். நானும் உட்கார்ந்துகொண்டேன்.