சர்க்கரை போடாத தண்ணீர்

சட்டம் நிறைவேறிய அன்று மேடையில் நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. பொய் சொல்வானேன், முதல் வரிசையில் நின்று தட்டினேன். என் கழுத்தில் ஃபெர்மீனின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. என் மகன் காணாமல் போய் அப்போது இரண்டு வருடம், நான்கு மாதம்.

செய்திச் செயலி நடத்துகிற கம்பெனிகள் எல்லாம் அரசுக்கென்று ஒரு சாவி கொடுத்துவிட வேண்டும். யார் யாருக்கு என்ன எழுதினாலும் அந்தச் சாவியால் திறந்து படிக்கலாம். நீதிபதி சொன்னால்தான் திறப்பார்களாம். பிள்ளைகளைக் கடத்தியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது வெளியே வந்தால், புதைத்த இடமும் வெளியே வந்துவிடும் என்றார் அமைச்சர். சனிக்கிழமை தவறாமல் மெக்சிகோவின் இந்தச் சொனோரா பாலைவனத்தைக் கிளறி நகம் தேய்ந்த பெண்களுக்கு வேறென்ன வேண்டும்? நாங்களே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம்.

எர்மீனியா அக்கா மட்டும் கையெழுத்துப் போடவில்லை. அவள் புருஷனும் காணாமல் போனவர்தான். சந்தையில் அவர் நடத்திய சாவிக்கடையை இப்போது அவள் நடத்துகிறாள்.

"ஒரே ஒரு சாவிதானாம், பத்திரமா வச்சிருப்பாங்களாம்" என்று நான் சொன்னபோது அக்கா அரம் போடுவதை நிறுத்தவே இல்லை.

"அடியே ஒப்தூலியா, ஒரே சாவின்னு ஒண்ணு உலகத்துல இருந்தா நான் என்னத்தைத் தின்னு உசிரோட இருக்கேன்? போன வாரம் போலீஸ் ஸ்டேஷன் சாவிக்கே நாலு நகல் போட்டுக் கொடுத்தேன். யாருக்குன்னு நான் கேக்கல."

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான் அக்கா."

"உனக்குக் கைதட்டக் கை இருக்கு. தட்டு."

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தோண்டப் போகிற இடத்தைப் போனில் எழுதவே கூடாது. அக்கா கடைக்கு வந்து, போன்களையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, சாவி அறுக்கிற இயந்திரத்தை ஓடவிட்டு, அந்தக் கிறீச்சுக்கு நடுவே காதோடு காதாகச் சொல்ல வேண்டும். சட்டம் வந்தபின் எனக்கு இது கிறுக்குத்தனமாகப் பட்டது. நம்முடைய அரசுதானே படிக்கப் போகிறது, படித்தால் நல்லதுதானே என்று கேட்டேன். அக்கா டப்பாவை என் பக்கம் தள்ளினாள், அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட இடைவேளையில், பெயர் தெரியாத ஒரு எண்ணிலிருந்து மூன்றாவது முறையாகச் செய்தி வந்தது. முன்பு இரண்டு முறை அவன் சொன்ன இடங்களில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் கிடைத்தார்கள். இருபத்தாறு வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். இந்த ஊர் ரவுடிகளில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். இவனும் அவர்களில் ஒருவன்தான். எழுதும்போதெல்லாம் 'டீச்சர்' என்றுதான் தொடங்குவான்.

"டீச்சர், பழைய செங்கச் சூளைக்குப் பின்னாடி. கிணத்துலேருந்து மூணாவது சீமைக்கருவேலம். குதிரைத் தலை பெல்ட் பக்கிள் போட்ட பையன். எனக்குப் பதில் எழுதாதீங்க."

அந்தப் பக்கிளை ஃபெர்மீனுக்கு வாங்கிக் கொடுத்தவளே நான்தான். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு.

விழுந்தடித்துச் சந்தைக்கு ஓடினேன். கடை பூட்டிக் கிடந்தது. அக்கா பக்கத்து ஊரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள், ராத்திரிதான் வருவாள். இரண்டரை வருடம் பொறுத்தவளுக்கு அந்த ஆறு மணி நேரம் பொறுக்கவில்லை. அவன் எழுதியதை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். கீழே இதையும் எழுதினேன்: "விடிஞ்சதும் போகலாம் அக்கா. கம்பியும் மம்பட்டியும் எடுத்துக்குங்க. ரெண்டு பாட்டில் செம்பருத்தித் தண்ணி. என்னோடதுல சர்க்கரை போடாதீங்க, டாக்டர் திட்டுறார்."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஒரே வார்த்தை.

"அடிப்பாவி."

விடிந்ததும் அவள் வண்டியில் கிளம்பினோம். சூளை கண்ணில் படும்போது அக்கா, "தண்ணி எடுத்துட்டு வரல. கோவத்துல மறந்துட்டேன்" என்றாள்.

கிணற்றைத் தாண்டி மரங்களை எண்ணினேன். ஒன்று, இரண்டு. மூன்றாவது மரத்தடியில் எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அங்கே ஒரு குழி, ஆள் நீளத்துக்கு. தோண்டிப் போட்ட மண் ஈரம் காயாமல் குவிந்திருந்தது. சுற்றிலும் லாரிச் சக்கரத் தடம்.

"இறங்காத" என்றாள் அக்கா.

நான் இறங்கினேன். குழியின் அடியில் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கி, உருவி, எப்போதும் செய்வதுபோல நுனியை மோந்து பார்த்தேன். அந்த வாடை எங்களுக்குத் தெரியும், தப்பாது. நேற்றுவரை என் பிள்ளை அங்கேதான் இருந்திருக்கிறான். நான் எழுதினதால்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒப்தூலியா." அக்காவின் குரல் மாறியிருந்தது. "மேல வா. மெதுவா வா."

மரத்தின் நிழலில் இரண்டு பாட்டில்கள் நின்றன. உள்ளே செக்கச்செவேலென்று செம்பருத்தித் தண்ணீர். ஒன்றின்மேல் காகிதம் ஒட்டி, 'சர்க்கரை இல்லை' என்று எழுதியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. வெளிப்பக்கம் இன்னும் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். சூளையின் சுவர், முள்மரங்கள், வெயில். வேறு எதுவும் தெரியவில்லை.

"வண்டில ஏறு. ஓடாத, நடந்து போ."

வண்டிக் கதவைத் திறக்கும்போது என் போன் அதிர்ந்தது. 'டீச்சர்' என்று எழுதுகிற அந்தப் பிள்ளையின் எண்தான். அவன் பிழைத்திருக்கிறான் என்று ஒரு நொடி நம்பினேன். தப்பி ஓடிப் போடா என்று அவனுக்கு எழுதத்தான் அவசரமாகத் திறந்தேன்.

"குடிக்கலையா, ஒப்தூலியா? சர்க்கரை போடலையே."

அவன் என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஒன்றாம் வகுப்பில் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்றுகூட எனக்குத் தெரியாது. அவனையும் நான்தான் காட்டிக் கொடுத்துவிட்டேன்.