முன்பாரம்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மண்ணாங்கட்டிக்கு என்ன வேலை என்று கேட்டால் மீன் விற்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். உட்காருகிற வேலை. பழுது பார்க்க வேண்டிய ஃபைபர் போட்டுகளைக் கயிறு கட்டித் தண்ணீரிலிருந்து மணல்மேட்டுக்கு இழுப்பது அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சியின் டிராக்டர். பின்னால் பாரம் கூடும்போது முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். அப்படி எழும்பாமலிருக்க முன் பம்பர்மேல் நூற்றுப் பத்து கிலோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். அந்த நூற்றுப் பத்து கிலோதான் மண்ணாங்கட்டி.

ஓட்டுவது ஏன் அவள், உட்காருவது ஏன் அவன் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லத்தான் வேண்டும். வண்டி வாங்கிய புதிதில் அவன்தான் ஓட்டினான். ஒரு நாள் போட்டை மேலே இழுப்பதற்குப் பதில் டிராக்டரைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டான். நாலு போட் ஆட்கள் சேர்ந்து அதை வெளியே இழுத்தார்கள். அன்றைக்கே ஸ்டியரிங் கைமாறியது. அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. துறைமுகமே பார்க்க முன்னால் உட்கார்ந்து வருவது ஒரு கெத்தாகத்தான் இருந்தது.

வினை கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, உடம்பைக் குறைத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். அஞ்சலாட்சி சோற்றுப்பானைக்குப் பூட்டுப் போடாத குறை. கேழ்வரகுக் கூழ், சுரைக்காய், விடிந்தால் நடை. மழைக்காலம் முடிவதற்குள் கைலி இடுப்பில் நிற்கமாட்டேன் என்றது. டாக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். டிராக்டருக்குத்தான் இல்லை.

இராமதாஸின் போட்டை இழுத்த அன்று வண்டி விருட்டென்று மூக்கைத் தூக்கியது. மண்ணாங்கட்டி பம்பரைக் கட்டிப் பிடித்தபடி அந்தரத்தில் தொங்கினான். போட் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்கே திரும்பிவிட்டது. மீன் ஏலம் நின்றுபோய், சனம் மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

"இன்னாம்மா, போட்ட இழுப்பன்னு பாத்தா புருசன ஏத்தி எறக்கிக்கினு இருக்கிற?" என்றார் இராமதாஸ். "நாளைக்கும் இப்பிடி ஆச்சின்னா நான் ஜேசிபிய கூப்புட்டுக்குவேன்."

அஞ்சலாட்சி கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். வண்டியை நேரே அன்வருதீன் பாயின் டயர் கடைக்கு விட்டாள்.

பாய் பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, வால்வு மேலே வரும்படி சுற்றிவிட்டு, அதன் வழியாக ஓஸில் தண்ணீரை விட்டார். டயருக்குள் முக்கால்வாசி தண்ணீர், மிச்சத்துக்குக் காற்று. மணலில் சக்கரம் வழுக்காமலிருக்க அது. மூக்கு எழும்பாமலிருக்க, முன்னால் இரும்புத் தகடுகளை வரிசையாக மாட்டினார். மண்ணாங்கட்டி உட்காருகிற அதே இடத்தில்.

"உப்புக்காத்துல துருப்புடிச்சிறாதா பாய்?" என்றான்.

"பெயிண்ட் அடிச்சிருக்குண்ணே."

"வெயில்ல சூடாவுமே?"

"ஆனா இன்னா? இதும்மேல யாரு குந்தப் போறாங்க?"

பாய் சாதாரணமாகத்தான் சொன்னார். மண்ணாங்கட்டி அந்தத் தகடுகளை ஒரு தடவை கையால் தள்ளிப் பார்த்தான். அன்று மாலை யாருக்கும் தெரியாமல் பரோட்டாக் கடைக்குப் போய் ஒரு கட்டு கட்டினான். மாதக்கணக்கில் போன எடை ஒரு வேளையில் திரும்பிவிடுமா? வயிறுதான் வலித்தது. இந்த இரும்பு மட்டும் நாளைக்கு ஜெயித்துவிட்டால் இனி நான் எதற்கு என்று ராத்திரி முழுக்கப் புரண்டான்.

இரும்பு ஜெயித்தது. மறுநாள் இராமதாஸின் போட்டை டிராக்டர் ஆட்டுக்குட்டியைப் போல இழுத்துக்கொண்டு மேடேறியது. மூக்கு இம்மியும் எழும்பவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். டீக்கடை ஓரமாக நின்ற மண்ணாங்கட்டியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு அழுகை வந்தது, டீயை ஊதுகிறவன் மாதிரி குனிந்துகொண்டான்.

கைதட்டல் கூச்சலாக மாறியபோதுதான் நிமிர்ந்தான். போட் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டது, டிராக்டர் நிற்கவில்லை. அஞ்சலாட்சி கயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஏலக் கூடத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள். பெண்கள் மீன்கூடைகளைத் தூக்கிக்கொண்டு சிதறினார்கள். இஞ்சின் சத்தத்தில் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பின்னால் இராமதாஸ் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவர, ஆள் குஷியில் ஆடுகிறார் என்று நினைத்து இவளும் பதிலுக்குக் கையாட்டினாள்.

மண்ணாங்கட்டிக்குச் சட்டென்று விளங்கியது. இத்தனை வருஷமும் அவள் கண் கயிற்றின்மேல் இருக்கும், அவன் கண் வழியின்மேல் இருக்கும். நிறுத்தவேண்டிய இடம் வந்ததும் அவன் கையைத் தூக்குவான், அவள் பிரேக்கை மிதிப்பாள். அதை ஒரு வேலை என்று இருவருமே நினைத்ததில்லை.

டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். வண்டிக்கு முன்னால் போய் நின்று கையை உயர்த்தினான். டிராக்டர் அந்த இடத்திலேயே நின்றது.

"எங்கய்யா போன?" இறங்கி வந்த அஞ்சலாட்சி கத்தினாள். "கைய காணமே, கைய காணமேன்னு நானும் போய்க்கினே இருக்கிறேன்!"

"அதான் இரும்பு மாட்டிட்டியே."

"இரும்பு கை காட்டுமா? ஏறி உக்காருய்யா."

"அதும்மேலயா? சுடுமே."

"கோணிய மடிச்சி போட்டு உக்காரு."

இராமதாஸ் மூச்சிரைக்க வந்து எதையோ திட்டிக்கொண்டிருந்தார். மண்ணாங்கட்டி தூக்கிய கையை இறக்கவில்லை. இறக்கினால் வண்டியை எடுக்கப் போய்விடுவாள். இன்னும் கொஞ்ச நேரம் அவள் இப்படியே முன்னால் நின்று திட்டட்டும் என்றிருந்தது அவனுக்கு.