எடுத்த குப்பைக்கு ஒரு புகார்

எங்க தெருவுக்குக் குப்பை வண்டி ஓட்டிக்கிட்டு வந்தவன் என் தம்பி. கூடப் பிறந்தவன், நான் இடுப்புல தூக்கி வளர்த்தவன். என்னைக் கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டு ஜோடியா வந்து வாசல்ல நின்னான். நான் கத்தினேன், அவன் என்னைவிடக் கத்தினான். அன்னைக்குப் போனவன்தான், அப்புறம் பேச்சே இல்ல. இப்பவும் சொல்றேன், ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம் அந்தத் தடியன்.

ஆனா தினமும் காலையில வருவான், வண்டியோட. ஹாரன் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைச்சுட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால ஓடிப்போய் நிப்பேன். கூட வர்ற ஆள் இறங்கி வீட்டுக்கு வீடு தொட்டியைக் கவிழ்ப்பான். இவன் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நேரா ரோட்டையே பாப்பான், கழுத்துல சுளுக்கு விழுந்தவன் மாதிரி. இந்தப் பக்கம் ஒரு பார்வை? ம்ஹூம். ஆள் இளைச்சுப் போயிட்டான், இருமல் வேற. "டேய், மருந்து சாப்பிட்டியாடா"ன்னு கேக்க மனசு கிடந்து தவிக்கும், வாய் திறக்காது. மூத்தவ நான், நானா இறங்கிப் போறது?

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாதான் வழி காட்டினாங்க. அவங்க நாத்தனார் இருக்கிற தெருவுல குப்பை எடுக்கலைன்னு நகராட்சிக்கு போன் போட்டாங்களாம். மறுநாளே டிரைவர் வீட்டு வாசலுக்கு வந்து, "சரி பண்ணியாச்சும்மா, ஒரு கையெழுத்துப் போடுங்க"ன்னு நின்னாராம். கையெழுத்து இல்லாம நகராட்சியில புகாரை முடிக்க மாட்டாங்களாம்.

எனக்குச் சட்டுனு பொறி தட்டிச்சு. வாசல் வரைக்கும் வந்துட்டாப் போதும். பேனா தேடுற சாக்குல உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிடுவேன். அப்புறம் எப்படி எழுந்து போறான்னு பாக்குறேன்.

போனை எடுத்து, "எங்க வீட்டுக் குப்பையை மட்டும் எடுக்கவே இல்லைங்க"ன்னு கூசாம ஒரு புளுகு புளுகினேன். வெளியில தொட்டி துடைச்சு வச்ச மாதிரி காலியாக் கிடக்கு!

வந்தது சூப்பர்வைசர். "டிரைவர் வரலையா?"ன்னேன். "ஏம்மா, நான் வந்தா ஆகாதா?"ன்னார். உர்ருன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மறுபடி போன் போட்டேன், மறுபடியும் அவரே வந்து நின்னார். "கவலைப்படாதீங்கம்மா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அந்த டிரைவரைச் சும்மா விடமாட்டோம்"னார். கையோட இழுத்துட்டு வந்து நிறுத்தப் போறாங்கன்னு நான் நினைச்சேன். விடுவேனா? இன்னொரு தடவையும் போட்டேன்.

மறுநாள் காலையில வீட்டைப் பெருக்கித் துடைச்சு, நல்ல புடவையாக் கட்டிக்கிட்டு, கதவைத் திறந்தே வச்சிருந்தேன். முதல்ல திட்டுறதா, இருமலைக் கேக்குறதான்னு ஒரே யோசனை. ஹாரன் அடிச்சது. வாசல்ல செருப்புச் சத்தம்.

யாரோ ஒரு ஆள், கையில தாளோட.

"பழைய டிரைவரை மாத்தியாச்சும்மா. ஊரோட அந்தக் கோடிக்குப் போட்டுட்டாங்க. இனிமே இந்தத் தெருவுக்கு நான்தான்."

அவர் நீட்டின தாளை வாங்காமலே கேட்டேன், "அவன் ஒண்ணுமே சொல்லலையா?"

"அதாம்மா எங்களுக்கும் புரியல. ஆபீஸ்ல விசாரிச்சப்போ, தினமும் எடுத்தோம்னு கூட வந்த ஆள் ஒத்தைக்கால்ல நின்னான். டிரைவர்தான், 'அந்த வீட்டம்மா பொய் சொல்ல மாட்டாங்க. அவங்க எடுக்கலைன்னா எடுக்கலைதான்'னு சொல்லிட்டார். நிமிர்ந்துகூடப் பாக்கல."

ஐயோ, பாவி! நான் அப்படியே படியில உக்காந்துட்டேன். தெருப்பக்கம் வந்து போறதுகூட அக்காவுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சிருப்பானே. தினமும் கண்ணுல பட்டுக்கிட்டிருந்த அந்த இளைச்ச முகமும் போச்சு. என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

"தொட்டி சுத்தமா இருக்கும்மா. வந்து பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க." அவர் பேனாவை நீட்டிக்கிட்டே நின்னார்.

"இன்னும் என்னம்மா குறை? அதான் வண்டி நேரத்துக்கு வந்துடுச்சே?"

"வண்டி வந்துடுச்சுய்யா"ன்னேன். "என் தம்பி வரலையே."