ஓடையோரத்து மேடு

சதுப்பை அளப்பது அவள் வேலை. கடலுக்கும் ஊரின் கரைச்சுவருக்கும் நடுவே, உப்புத்தண்ணீரில் வளரும் புல் மண்டிய சேற்றுநிலம் அது. பன்னிரண்டு வருடங்களாக, ஒன்பது கம்பிகள் தொங்கும் சட்டம் ஒன்றைச் சுமந்து போய், ஒவ்வொரு கம்பியும் சேற்றைத் தொடும் உயரத்தைக் குறித்து வந்தாள். ஓதம் ஏறிக் கடல்நீர் உள்ளே வரும்போதெல்லாம் அதோடு வரும் வண்டலைப் புல் பிடித்து வைத்துக்கொள்ளும். தரை கொஞ்சம் உயரும். கடல் உயர உயரச் சதுப்பு தப்பிப் பிழைப்பது அப்படித்தான். ஆனால் இந்த வருடத்துக் கணக்கை அவள் இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். தரை வருடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் ஏறியிருந்தது. கடலோ ஆறு மில்லிமீட்டர்.

கரைச்சுவரை ஓரிடத்தில் திறந்துவிட்டு, உள்ளே தள்ளிப் புதுச்சுவர் கட்ட வேண்டும் என்று அறிக்கையில் எழுதினாள். சதுப்புக்குப் பின்வாங்க இடம் வேண்டும். இல்லாவிட்டால் புல் மூழ்கிச் சாகும். அலையின் வேகத்தைத் தணிக்க ஒன்றும் இராது. ஒரு பெரும்புயலுக்குச் சுவர் தாங்காது. அப்படிப் பின்வாங்கும் இடத்தில் நான்கு வீடுகள் இருந்தன. அதில் ஒன்று அவளுடைய அக்கா வீடு.

அக்காவின் கணவர் மதகுக்காரர். சுவரில் இருந்த இரும்புக் கதவைத் தூக்கி மழைத்தண்ணீரை வெளியே விடுவதும், கடல் ஏறினால் அடைப்பதும் அவர் பொறுப்பு. விஷயம் காதில் விழுந்ததும் மறுநாள் காலை மதகு அறை வாசலில் அவளை மறித்துக்கொண்டார்.

"இருபது வருஷமா இந்தத் தண்ணியத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். எலி வளையானாலும் தனி வளைன்னு ஒரு வீட்டைக் கட்டினேன். அதைக் கடல்ல விடச் சொல்லி நீயே எழுதுவியா?"

"வந்து பாருங்க அத்தான். பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

அட்டவணைப்படி ஓதம் ஏற இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. இருவரும் இறங்கினார்கள். சுவர் மேலிருந்தே பார்த்துப் பழகியவருக்கு அது வெறும் புல்வெளி. உள்ளே வந்த பிறகுதான் புல் செத்துக் கறுத்துக் கிடந்த குட்டைகள் கண்ணில் பட்டன. அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. அவள் நிற்பதற்கு வைத்திருந்த பலகையைப் போட்டு, கம்பிகளை இறக்கிக் காட்டினாள்.

"உன் கம்பி பொய் சொல்லுது."

"பொய் சொல்றதுக்கு அது என்ன நம்ம சொந்தக்காரங்களா அத்தான்?"

அவர் சிரிக்கவில்லை. விவாதம் நீண்டது. காற்று கடல் பக்கமிருந்து பலமாக வீசத் தொடங்கியதை இருவருமே கவனிக்கவில்லை. தற்செயலாகக் குனிந்தவள், குட்டையில் அசையாமல் கிடந்த ஒரு புல்துண்டு மெல்ல நகர்வதைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். சதுப்பின் நடுவே கடல்நீர் வந்துபோகும் ஓடை விளிம்பு வரை நிரம்பியிருந்தது. காற்று தள்ளித் தள்ளிக் கடலை ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கொண்டுவந்துவிட்டது. சுவருக்குப் போகும் வழி முழுவதும் தண்ணீர் பளபளத்தது.

"சுவர் இதோ, கூப்பிடு தூரம்" என்று அவர் ஓடினார்.

"அங்க போகாதீங்க அத்தான்!"

பத்தடி போவதற்குள் இடுப்புவரை புதைந்தார். கால்களை உதற உதறச் சேறு உள்ளே இழுத்தது. அவள் பலகையைத் தள்ளி, அதன் மேல் குப்புறப் படுத்து, அவர் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள். செருப்புகளைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு அவர் வெளியே வந்தபோது தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"ஓடைக் கரைக்குப் போகணும்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? தண்ணி வர்ற பக்கமே போகச் சொல்ற?"

"ஓடை வழியாத்தான் வண்டல் வருது. கரை வழிஞ்சதும் கனமான மண்ணெல்லாம் அங்கயே படிஞ்சிரும். அதனால ஓடைக் கரைதான் மேடு. சுவர்ப் பக்கம் பள்ளம்."

"எவ்வளவு மேடு?"

"ஒரு சாண். கொஞ்சம் கூட இருக்கும்."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

"தலைக்கு மேல போகாம இருக்கத்தான் அந்தச் சாண். வாங்க."

வீறாப்பாகப் பேசினாளே தவிர, அவளுக்கே அது நிச்சயமில்லை. காகிதத்தில் எண்ணை எழுதுவது ஒரு விஷயம், அதை நம்பிக் கடலை நோக்கி நடப்பது வேறு விஷயம். அதோடு, பன்னிரண்டு வருடத்தில் இப்படியொரு காற்றோடு ஓதம் ஏறியதை அவள் பார்த்ததே இல்லை.

மேட்டில் நின்றார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தொடைக்கு வந்தது. நீச்சல் தெரியாத அந்த மனிதர் அவள் முழங்கையைப் பிடித்த பிடியில் ரத்தம் கட்டியது. இடுப்பு. பிறகு நெஞ்சு. அவள் உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. வேண்டுதலா எண்களா என்று அவளுக்கே தெரியவில்லை.

"உங்க அக்காகிட்ட சொல்லாம வந்துட்டேன்" என்றார் அவர், குழந்தைபோல.

கழுத்துக்கு நாலு விரல் கீழே தண்ணீர் நின்றது. அவள் நம்பவில்லை. வெகுநேரம் கழித்து, மிதந்துகொண்டிருந்த பலகை திரும்பிக் கடல் பக்கம் நகரத் தொடங்கியபோதுதான் ஓதம் இறங்குகிறது என்று நம்பினாள்.

மறுநாள், அறிக்கையைப் பற்றிப் பேச ஊர் கூடியபோது மதகுக்காரர் எழுந்தார். "அந்தப் பொண்ணு எழுதினது சரிதான். என் வீட்டையும் சேத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அக்கா ஏழு மாதம் அவளோடு பேசவில்லை.

வீட்டை இடித்து, சுவரைத் திறந்த இரண்டாம் வருடம் அக்கா முதன்முறையாக அந்தப் பக்கம் வந்தாள். சமையலறை இருந்த இடத்தில் விரல் நீளத்துக்குப் புல் முளைத்திருந்தது.

"இது சீக்கிரம் வளருமா?"

"வளரும்க்கா. கடலும் வளருது."

"எது முந்தும்?"

"தெரியல."

அக்கா குனிந்து அந்தப் புல்லைத் தொட்டுப் பார்த்தாள். அட்டவணைப்படி ஓதம் ஏற இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் புதுச்சுவரை நோக்கித் திரும்பினார்கள்.